மனநல சிகிச்சையில் பதற்றம் தணிக்கும் இசை

மனநல சிகிச்சையில் பதற்றம் தணிக்கும் இசை என்பது மனநோய்க்கான சிகிச்சைக்கு வருபவர்களின் அச்சத்தையும் படபடப்பையும் குறைப்பதற்காக, சிகிச்சைக்கு முன்போ பின்போ இசையைத் துணையாகப் பயன்படுத்தும் முறையாகும். மயக்கமருந்து கொடுத்துச் செய்யப்படும் மின்வலிப்பு சிகிச்சை, முதன்முறை மருத்துவமனையில் சேர்தல், ஊசி போடுதல், நீண்ட நேரம் காத்திருத்தல் ஆகிய சூழல்களில் இது பயன்படுகிறது. இசை நோயைக் குணப்படுத்துவதாக இம்முறை கூறுவதில்லை. நோயாளர் சிகிச்சையை அஞ்சிப் பாதியில் விட்டுவிடாமல் இருக்க உதவுவதே இதன் நோக்கம்.

இசை மருத்துவம் என்பது இதிலிருந்து வேறுபட்டது. அதில் பயிற்சி பெற்ற இசை மருத்துவர் ஒருவர் நோயாளருடன் பாடியோ, கருவி இசைத்தோ, பாடலைப் பற்றி உரையாடியோ பல அமர்வுகளாகச் சிகிச்சை அளிக்கிறார். பதற்றம் தணிக்க இசை கேட்கச் செய்வதற்குத் தனி மருத்துவர் தேவையில்லை. செவிலியரோ உடனிருக்கும் உறவினரோ இதைச் செய்யலாம். செலவு குறைவு என்பதால் சிறிய மருத்துவமனைகளுக்கும் இது ஏற்றது.

பதற்றத்தின் காரணங்கள்

மனநல சிகிச்சைக்கு வருபவரின் பதற்றம் பெரும்பாலும் இரண்டு அடுக்குகள் கொண்டது. முதலாவது நோயின் பகுதியாகவே வருவது. மனச்சோர்வு, மனச்சிதைவு, பதற்றக் கோளாறு ஆகிய அனைத்திலும் அச்சம் ஓர் அறிகுறியாக இருக்கக்கூடும். இரண்டாவது சிகிச்சையைப் பற்றியது. என்ன செய்யப் போகிறார்கள், வலிக்குமா, நினைவு போய்விடுமா, ஊரில் தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்ற கேள்விகளிலிருந்து எழுவது இது. இசையின் உதவி பெரிதும் இந்த இரண்டாவது அடுக்கிலேயே கிடைக்கிறது.

மக்கள் அதிகம் அஞ்சும் சிகிச்சை மின்வலிப்பு சிகிச்சையாகும். பேச்சுவழக்கில் 'கரண்ட் ஷாக்', 'ஷாக் வைப்பது' என்று குறிப்பிடப்படும் இது, 1938இல் இத்தாலியின் ரோம் நகரில் உகோ செர்லெட்டி, லூசியோ பினி ஆகிய இருவரால் முதன்முதலில் மனிதருக்கு அளிக்கப்பட்டது. தொடக்கத்தில் மயக்கமருந்து இல்லாமலே செய்யப்பட்டதால், வலிப்பின் வேகத்தில் எலும்பு முறிவுகள் ஏற்பட்டன. 1950களுக்குப் பின் மயக்கமருந்தும் தசைத் தளர்வு மருந்தும் கொடுத்துச் செய்யும் முறை பரவியது. இன்று நோயாளர் உறங்கிய பின்னரே மின்சாரம் செலுத்தப்படுகிறது. மூளையில் உண்டாகும் வலிப்பு பொதுவாக ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். உடலில் சிறு அசைவு மட்டுமே தெரியும். வாரத்துக்கு 2 அல்லது 3 முறை என, மொத்தம் 6 முதல் 12 முறை அளிப்பது வழக்கம்.

உணவும் நீரும் மறுக்கும் அளவுக்கு முற்றிய மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் மிகுந்த நிலை, உடல் விறைத்து அசைவற்றுப்போகும் நிலை ஆகியவற்றில் இச்சிகிச்சை உயிர்காக்கும் அளவுக்கு விரைந்து பயன் தருகிறது. தலைவலி, சிகிச்சை முடிந்தவுடன் சிறிது நேரக் குழப்பம், சமீபத்திய நிகழ்வுகளின் நினைவு மங்குதல் ஆகியவை இதன் பக்கவிளைவுகள். ஆயினும் பழைய முறையின் காட்சிகளே மக்கள் மனதில் தங்கியுள்ளன. 1975இல் வெளியான 'ஒன் ஃப்ளூ ஓவர் தி குக்கூஸ் நெஸ்ட்' என்ற அமெரிக்கத் திரைப்படம் இதைத் தண்டனைக் கருவியாகக் காட்டியது. இந்தியத் திரைப்படங்களிலும் நினைவிருக்கும்போதே கட்டிவைத்து மின்சாரம் பாய்ச்சும் காட்சிகள் தொடர்ந்து வந்தன.

இந்த அச்சத்தின் விளைவு சிறியதல்ல. முதல் இரண்டு அமர்வுகளுக்கு வந்தவர் மூன்றாவதற்கு வராமல் நின்றுவிட்டால், சிகிச்சை பயன் தரத் தொடங்கும் கட்டத்துக்கு முன்பே அறுபட்டுப் போகிறது. நோய் மீண்டும் முற்றும்போது, 'ஷாக் வைத்தும் சரியாகவில்லை' என்ற முடிவுக்குக் குடும்பம் வருகிறது. அதன்பின் எந்த சிகிச்சைக்கும் அவரை அழைத்து வருவது கடினமாகிறது.

இசை செயல்படும் விதம்

பதற்றத்தின்போது உடலின் பரிவு நரம்பு மண்டலம் முடுக்கப்படுகிறது. நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன, மூச்சு மேலோட்டமாகிறது, கைகள் வியர்க்கின்றன. மெதுவான, சீரான தாளம் கொண்ட இசையைக் கேட்கும்போது மூச்சு தானாகவே நிதானப்படுகிறது. மூச்சு நிதானமானால் நாடியும் இறங்குகிறது. நிமிடத்துக்கு 60 முதல் 80 தாளத்துடிப்புகள் உள்ள இசை இதற்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. இது ஓய்விலிருக்கும் ஒருவரின் இதயத்துடிப்புக்கு நெருக்கமான வேகமாகும்.

இரண்டாவது வழி கவனம் சார்ந்தது. அச்சத்தில் இருப்பவரின் கவனம் ஊசித் தட்டின் ஓசை, அடுத்த அறையின் அழுகுரல், தள்ளுவண்டியின் சத்தம் ஆகியவற்றிலேயே நிற்கும். பிடித்த பாடல் ஒன்று அந்த ஓசைகளை மறைப்பதோடு, மனதுக்கு வேறொரு பிடியையும் தருகிறது.

மூன்றாவது வழி எதிர்பார்ப்பு சார்ந்தது. தெரிந்த பாடலில் அடுத்த வரி என்ன, எங்கே மெட்டு உயரும் என்பதைக் கேட்பவர் அறிவார். அவர் எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடியே நிகழ்கிறது. பிடித்த இசையின் உச்சத்துக்குச் சற்று முன்பே, அதை எதிர்நோக்கும் கணத்தில், மூளையில் டோபமின் வெளிப்படுவதைக் கனடா நாட்டு ஆய்வாளர்கள் 2011இல் காட்டினர். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத மருத்துவமனைச் சூழலில், அடுத்தது என்ன என்று தெரிந்த ஒன்று கையில் இருப்பதே ஆறுதலாகிறது.

நான்காவது வழி தேர்வுரிமை. மனநோயாளரின் வாழ்வில் பல முடிவுகளைப் பிறரே எடுக்கின்றனர். எப்போது வருவது, எந்த மருந்து, எத்தனை நாள் தங்குவது என்பவை அவர் கையில் இருப்பதில்லை. "அய்யா, என்ன பாட்டுப் போடட்டும்?" என்ற கேள்வி, அன்று காலை அவரிடம் கேட்கப்படும் ஒரே கேள்வியாகக்கூட இருக்கலாம்.

ஆய்வு முடிவுகள்

மருத்துவ ஆய்வுகளில் பதற்றத்தை அளக்கப் பெரிதும் பயன்படுவது, அமெரிக்க உளவியலாளர் சார்லஸ் ஸ்பீல்பெர்கரும் உடன்பணியாற்றியோரும் உருவாக்கிய வினாப்பட்டியல். அக்கணத்துப் பதற்றத்தை அளக்கும் அதன் பகுதியில் 20 வினாக்கள் உள்ளன. மதிப்பெண் 20 முதல் 80 வரை அமையும். எண் உயர்ந்தால் பதற்றம் அதிகம் என்று பொருள்.

அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்போரிடம் இசையின் பயனை ஆராய்ந்த 26 ஆய்வுகளை, 2,051 நோயாளர்களின் தரவுகளுடன், காக்ரேன் அமைப்பின் 2013ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்றுசேர்த்தது. வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களைவிட, இசை கேட்டவர்களின் பதற்ற மதிப்பெண் சராசரியாக 5.72 புள்ளிகள் குறைவாக இருந்தது. இது மிதமான பயனே. ஆனால் பக்கவிளைவு ஏதுமின்றிக் கிடைக்கும் பயன்.

சுவீடனில் 372 பேரிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வு, இசையை மிடசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மருந்துடன் நேரடியாக ஒப்பிட்டது. இசை கேட்டவர்களின் மதிப்பெண் 34இலிருந்து 30ஆகவும், மருந்து பெற்றவர்களின் மதிப்பெண் 36இலிருந்து 34ஆகவும் குறைந்தது. 2019இல் அமெரிக்காவில் 157 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வில், நரம்புப் பகுதி மயக்க ஊசிக்கு முன் இசையும் அதே மருந்தும் பதற்றத்தை ஏறத்தாழ ஒரே அளவில் குறைத்தன. ஆனால் மொத்த அனுபவத்தில் மருந்து பெற்றவர்களே அதிக மனநிறைவு தெரிவித்தனர். செவிமூடிய காதுக்கருவியால் மருத்துவரும் நோயாளரும் பேசிக்கொள்வது சிரமமானதும் அதில் பதிவாகியுள்ளது.

மின்வலிப்பு சிகிச்சையைப் பொறுத்தவரை இந்த முடிவுகளுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. மிடசோலம், டயசெபம் போன்ற மருந்துகள் வலிப்பைத் தடுக்கும் இயல்பு கொண்டவை. மின்வலிப்பு சிகிச்சையோ வலிப்பை உண்டாக்குவதன் மூலமே பயன் தருகிறது. ஆகவே, சிகிச்சைக்கு முன் பதற்றம் தணிக்க இம்மருந்துகளைக் கொடுப்பது சிகிச்சையின் பயனையே குறைத்துவிடக்கூடும். அச்சத்தைக் குறைக்க மருந்தற்ற வழி ஒன்று தேவைப்படும் இடம் இது. இருப்பினும் இச்சிகிச்சைக்கென்றே செய்யப்பட்ட இசை ஆய்வுகள் எண்ணிக்கையில் குறைவு, அளவிலும் சிறியவை. அறுவை சிகிச்சை அரங்கிலிருந்து பெற்ற அறிவே இங்கு பெரிதும் பயன்படுத்தப்படுகிறது.

இசை மருத்துவத்தைப் பற்றிய தொகுப்பாய்வுகளும் துணைச் சான்றாகின்றன. காக்ரேன் அமைப்பின் 2017ஆம் ஆண்டுத் தொகுப்புகளில் ஒன்று, மனச்சோர்வு குறித்த 9 ஆய்வுகளையும் (421 பேர்), மற்றொன்று மனச்சிதைவு குறித்த 18 ஆய்வுகளையும் (1,215 பேர்) ஆராய்ந்தன. வழக்கமான சிகிச்சையுடன் இசை மருத்துவத்தையும் சேர்த்தபோது அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்தன என்பது இரண்டின் முடிவு. 'சேர்த்தபோது' என்பதே இங்கு கவனிக்க வேண்டிய சொல். மருந்தை நிறுத்திவிட்டு இசையை மட்டும் அளிப்பதற்கு இவை சான்றாகா.

தமிழ் மரபில்

துன்புறுவோரின் அருகில் இசை ஒலிக்கச் செய்யும் வழக்கம் தமிழில் தொன்மையானது. புறநானூற்றின் 281ஆம் பாடல், போரில் புண்பட்டுக் கிடக்கும் வீரனின் வீட்டைக் காட்டுகிறது. இதைப் பாடியவர் அரிசில் கிழார். வீட்டில் இரவ மரத்தின் தழையும் வேப்பிலையும் செருகப்படுகின்றன. யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலிக்கின்றன. வெண்சிறுகடுகு தூவப்படுகிறது, ஆம்பற்குழல் ஊதப்படுகிறது, மணி அடிக்கப்படுகிறது, காஞ்சிப் பண் பாடப்படுகிறது, நறும்புகை எழுப்பப்படுகிறது. புண்பட்டவனைப் பேய் தீண்டாமல் மனைவி காப்பதைக் கூறும் இத்துறைக்குத் தொடாக்காஞ்சி என்று பெயர். மலைபடுகடாம் என்ற பத்துப்பாட்டு நூலும், புலி தாக்கிப் புண்பட்ட கணவரின் துன்பம் தணியக் குறவர்குலப் பெண்கள் பாடுவதைக் குறிப்பிடுகிறது.

இவற்றில் இசை புண்ணை ஆற்றும் மருந்தாகக் கூறப்படவில்லை. அச்சம் சூழ்ந்த இரவில் காவலாக இருப்பதாகவே காட்டப்படுகிறது. இன்றைய பயன்பாட்டுக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை இதுவே.

பிற்காலத்தில் மருத்துவமும் இசையும் ஒருவரிடமே சேர்ந்தமைக்குத் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859-1919) எடுத்துக்காட்டு. சித்த மருத்துவராகப் புகழ்பெற்ற அவர், தமிழிசை ஆய்வு நூலான கருணாமிர்த சாகரத்தை 1917இல் வெளியிட்டார். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வயலின் கலைஞர் குன்னக்குடி வைத்தியநாதன் (1935-2008) இசையின் மருத்துவப் பயன் குறித்து ஆர்வம் காட்டினார்.

குறிப்பிட்ட இராகம் குறிப்பிட்ட நோயைத் தீர்க்கும் என்ற பட்டியல்கள் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் பரவலாக உள்ளன. நீலாம்பரி தாலாட்டுக்குரியது என்பது இசை மரபு. அந்த மரபில் வளர்ந்த செவிக்கு அது அமைதி தருவது இயல்பு. ஆனால் ஓர் இராகம் மனச்சிதைவையோ இரத்த அழுத்தத்தையோ தீர்க்கும் என்பதற்கு உறுதியான மருத்துவச் சான்று இல்லை.

தமிழ்நாட்டின் மனநல மருத்துவப் பின்னணி

சென்னையில் 1794இல் தொடங்கப்பட்ட மனநோயாளர் இல்லம், தென்னிந்தியாவில் இத்துறையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இயங்கிவரும் அரசு மருத்துவமனையே இன்றைய அரசு மனநலக் காப்பகம். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவராக அறியப்படும் மருத்துவர் சாரதா மேனன் (1923-2021) இதன் தலைவராக 1961 முதல் 1978 வரை பணியாற்றினார். பின்னர் 1984இல் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சென்னையில் நிறுவினார். மதுரையில் எம். எஸ். செல்லமுத்து அறக்கட்டளை 1992 முதல் மனநல மறுவாழ்வுப் பணியில் ஈடுபட்டு வருகிறது.

தென்மாவட்டங்களின் மனநல வரலாற்றில் மறக்கவியலாத நாள் 2001 ஆகஸ்டு 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கூரைக்கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் உயிரிழந்தனர். அதே மாதத்தில் இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, அங்கிருந்த 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் கொண்டுவரப்பட்டனர். உச்ச நீதிமன்றம் இதைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. பின்னாளில் ஏர்வாடி தர்காவிலேயே மருத்துவரைச் சந்தித்து மருந்து பெறும் 'தவா-துவா' திட்டம் கொண்டுவரப்பட்டது. பிரார்த்தனையைக் கைவிடாமலே சிகிச்சை பெற இது வழிசெய்தது.

வழிபாட்டுத் தலங்களில் தங்குவோர் குறித்து 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. தமிழ்நாட்டுக் கோவில் ஒன்றில் தங்கியிருந்த 31 மனநோயாளர்களின் அறிகுறி மதிப்பெண், தங்கல் முடிவில் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. தனிப்பட்ட சடங்கு எதுவும் அவர்களுக்குச் செய்யப்படவில்லை. அச்சுறுத்தாத, ஆதரவான சூழலில் தங்கியதே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர் கருதினர். ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு என்பதால் இதிலிருந்து பெரிய முடிவுகளுக்கு வர இயலாது. எனினும், சிகிச்சை நடக்கும் இடத்தின் சூழலும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது. இசை அச்சூழலின் ஒரு கூறு.

கரிசல் வட்டாரத்தில்

விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டையை ஒட்டியுள்ள பாளையம்பட்டி, திருச்சுழி முதலிய ஊர்கள் வானம் பார்த்த பூமியைச் சேர்ந்தவை. இவ்வட்டாரம் நெசவுக்கும் நூற்பாலைகளுக்கும் பெயர்பெற்றது. மயக்கமருந்து வசதியுடன் மின்வலிப்பு சிகிச்சை அளிக்கும் இடங்கள் பொதுவாக மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் பெரிய தனியார் மருத்துவமனைகளுமே. நெடுங்காலம் இப்பகுதியினர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரையை நம்பியிருந்தனர். 2022 சனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது.

இச்சூழலில் சிகிச்சை நாளின் பதற்றம் மருத்துவமனை வாசலில் தொடங்குவதில்லை. மயக்கமருந்துக்காக முந்தைய இரவு முதலே உணவு நிறுத்தப்படுகிறது. விடியலில் பேருந்து ஏற வேண்டும். வெறும் வயிற்றுடன் பயணம், பிறகு வரிசை, பிறகு காத்திருப்பு. உடன்வரும் உறவினரும் ஒருநாள் கூலியை விட்டு வந்திருப்பார். உண்மையில் சிகிச்சை நடைபெறுவது சில நிமிடங்கள்தான். அதற்கு முந்தைய பல மணி நேரமே அச்சம் வளரும் காலம். எனவே இசையைச் சிகிச்சை அறையில் மட்டும் ஒலிக்கச் செய்வதைவிட, பயணத்திலும் காத்திருப்பிலும் கைபேசி வழியே கேட்கச் செய்வது கூடுதல் பயன் தரும்.

இவ்வட்டார இசையின் இயல்பையும் கருத்தில் கொள்ள வேண்டும். தென்மாவட்டங்களில் உடுக்கை, உறுமி ஆகியவற்றின் ஒலி சாமியாடுதலுடனும் கோடாங்கியின் குறிசொல்லுதலுடனும் பேயோட்டுதலுடனும் பிணைந்தது. மனநோய் தொடங்கியபோது பல குடும்பங்கள் முதலில் அணுகுவது கோடாங்கியையே. அங்கு அடியும் மிரட்டலும் அனுபவித்த ஒருவருக்கு உடுக்கையொலி அமைதி தராது, பழைய அச்சத்தையே திரும்பக் கொண்டுவரும். வேறொருவருக்கு அதே உடுக்கை குலதெய்வத்தின் துணையை நினைவூட்டலாம். 'நாட்டுப்புற இசை நல்லது', 'பக்திப் பாடல் நல்லது' என்று பொதுவாக முடிவெடுக்க இயலாமைக்கு இதுவே காரணம்.

மொழியும் இங்கு ஒரு கூறு. அருப்புக்கோட்டைப் பகுதியில் தமிழுடன் தெலுங்கையும் கன்னடத்தையும் வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் உள்ளன. பாட்டியிடம் கேட்ட தாலாட்டு அம்மொழியில் இருந்திருக்கும். தொழிலும் ஒரு கூறு. விசைத்தறியிலும் நூற்பாலையிலும் பல ஆண்டுகள் பணியாற்றியவர்களுக்கு இரைச்சலால் கேட்கும் திறன் குறைந்திருக்கக்கூடும். அவர்களிடம் மெல்லிய வீணையிசையை ஒலிக்கவிட்டு, 'இசை பயன் தரவில்லை' என்று கருதுவது தவறாகும். எண்பதுகளின் திரைப்பாடலைச் சற்றுத் தெளிவான ஒலியில் கேட்பதே அவருக்கு உகந்ததாக இருக்கலாம்.

நடைமுறை

மருத்துவமனைகளில் இசையைப் பயன்படுத்தும்போது பின்பற்றத்தக்க படிகள் பின்வருமாறு.

முதலில் விளக்கம். என்ன சிகிச்சை, எவ்வளவு நேரம், எப்போது உறங்கவைப்பார்கள், எழுந்தபின் எப்படி இருக்கும் என்பதை நோயாளருக்கும் குடும்பத்தாருக்கும் அவர்கள் மொழியில் சொல்ல வேண்டும். விளக்கம் தராமல் பாடலை மட்டும் ஒலிக்கவிடுவது ஏமாற்றுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, முந்தைய நாளே கேட்டறிதல். என்ன பாட்டு பிடிக்கும் என்பதுடன், எந்தப் பாட்டு வேண்டாம் என்பதையும் கேட்க வேண்டும். இறந்த ஒருவரை நினைவூட்டும் பாடல், காதல் முறிவுடன் பிணைந்த பாடல், ஒப்பாரி ஆகியவை அழுகையைத் தூண்டக்கூடும். இசையே வேண்டாம் என்பவரின் விருப்பத்தையும் மதிக்க வேண்டும்.

மூன்றாவது, அளவு. பொதுவாகச் சிகிச்சைக்கு முன் 15 முதல் 30 நிமிடங்கள் போதுமானது. பேசுவதைக் கேட்கும் அளவுக்கு ஒலி குறைவாக இருக்க வேண்டும். காதில் பொருத்தும் கருவி என்றால், ஒவ்வொருவருக்குப் பின்னும் துடைத்துத் தூய்மைப்படுத்த வேண்டும். வயர் உள்ள கருவிகளைத் தனியே விடாமல் கண்காணிப்பது உயிர்ப் பாதுகாப்புக்குத் தேவை.

நான்காவது, நிறுத்தும் நேரம். மயக்க மருத்துவர் பேசத் தொடங்கும்போது இசை நிற்க வேண்டும், அல்லது கேட்கும் அளவுக்குத் தணிய வேண்டும். மின்முனைகள் பொருத்தப்படுவதற்கு முன் காதுக்கருவி கழற்றப்பட வேண்டும்.

ஐந்தாவது, விழிக்கும் நேரம். மயக்கம் தெளியும்போது சிறிது குழப்பம் இருக்கும். அப்போது முதலில் தேவைப்படுவது மனிதக் குரல். பெயர் சொல்லி அழைத்து, இது எந்த ஊர், என்ன மருத்துவமனை, உடன் வந்தவர் யார் என்று சொல்ல வேண்டும். அதன் பின்னரே மெல்லிய இசை.

மிகவும் நேசிக்கும் பாடலை ஒவ்வொரு முறையும் சிகிச்சைக்கு முன் ஒலிக்கச் செய்யாமல் இருப்பது நல்லது. பலமுறை சேர்ந்து நிகழ்வதை மனம் பிணைத்துக்கொள்ளும் என்பதால், அந்தப் பாடலே பின்னாளில் மருத்துவமனையை நினைவூட்டும் ஒன்றாக மாறிவிடக்கூடும். பிடித்த பாடல்களுள் சிலவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது இதைத் தவிர்க்கும்.

எல்லைகள்

எல்லா மனநோய் நிலையிலும் இசை ஒரேவிதமாகச் செயல்படுவதில்லை. காதில் குரல்கள் கேட்பதாகக் கூறும் மனச்சிதைவு நோயாளர் சிலருக்குக் காதுக்கருவி வழியே வரும் ஒலி குழப்பத்தைக் கூட்டலாம். பாடலின் வரிகள் தம்மைக் குறித்தே சொல்லப்படுவதாக அவர் கருதவும் கூடும். அத்தகையோருக்குச் சொற்களற்ற கருவியிசையை, அறையில் வைக்கும் சிறிய ஒலிபெருக்கியில் கேட்கச் செய்வது ஒரு வழி. சில மனச்சிதைவு நோயாளர்களோ குரல்களின் தொல்லையைக் குறைக்கத் தாமாகவே பாட்டுக் கேட்கின்றனர். மனஎழுச்சி நிலையில் உள்ளவருக்கு வேகமான குத்துப்பாடல்கள் கிளர்ச்சியை மிகுவிக்கலாம்.

பொது அறையில் ஒருவருக்குப் பிடித்த பாடலை அனைவரும் கேட்கும்படி ஒலிக்கவிடுவதும் பொருத்தமன்று. ஒரு மதத்தின் பாடல்களை மட்டும் தொடர்ந்து ஒலிக்கச் செய்வது, பிற மதத்தினருக்கு அந்த இடம் தமக்குரியதல்ல என்ற உணர்வைத் தரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இசை ஒப்புதலுக்கு மாற்றாகாது. இந்திய நாடாளுமன்றம் இயற்றிய மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, தசைத் தளர்வு மருந்தும் மயக்கமருந்தும் இன்றி மின்வலிப்பு சிகிச்சை அளிப்பதைத் தடைசெய்கிறது. 18 வயது நிரம்பாதவருக்கு இச்சிகிச்சை தேவைப்பட்டால், பாதுகாவலரின் ஒப்புதலும் மனநல வாரியத்தின் முன் அனுமதியும் பெற வேண்டும். எந்த மனநோயாளரையும் சங்கிலியால் பிணைப்பதும் இதே சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளது. மயக்கமருந்து இல்லாத இடத்தில் பாட்டைப் போட்டுச் சமாளிக்கலாம் என்ற எண்ணத்துக்கு இச்சட்டத்தில் இடமில்லை. பதற்றத்தால் ஒருவர் 'வேண்டாம்' என்று சொல்லும்போது, அந்த மறுப்பை இசையால் மழுங்கடிக்காமல், காரணத்தைக் கேட்டறிவதே முறை.

மனநல உதவி தேவைப்படுவோர் 14416 என்ற கட்டணமற்ற தொலைபேசி எண்ணில் தமிழில் பேசலாம். 'டெலி மானஸ்' என்ற இந்திய அரசின் திட்டமாக 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இச்சேவை, தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் செயல்படுகிறது. மருத்துவமனைக்குச் செல்லவே அஞ்சும் ஒருவருக்கு இது முதல் படியாக அமையும்.